லிஃப்டுக்கு நாள் குறிப்பது யார்?

தமிழ்நாட்டில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் வைக்க வேண்டுமென்றால் அரசிடம் இரண்டு முறை போக வேண்டும். நிறுவுவதற்கு முன்னால் அனுமதி. நிறுவிச் சோதித்த பிறகு, இயக்குவதற்கு உரிமம். 1997-ஆம் ஆண்டின் லிஃப்ட் சட்டம் வகுத்த முறை இது. எஸ்கலேட்டர்களும் பின்னர் இதே சட்டத்துக்குள் வந்தன. சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயங்கும் தலைமை மின் ஆய்வாளர் அலுவலகமும் அதன் கீழுள்ள மின் ஆய்வாளர்களும் இந்தச் சட்டத்தைச் செயல்படுத்துகிறார்கள். இந்த விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. பம்பாயில் 1939-லேயே லிஃப்ட் சட்டம் வந்துவிட்டது, கர்நாடகத்தில் 1974-ல் வந்தது. நொய்டாவின் வானளாவிய கோபுரங்களை வைத்திருக்கும் உத்தரப் பிரதேசமோ 2024-ல்தான் தனிச் சட்டம் இயற்றியது. ஆகவே நம்மிடம் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அனுமதிக்கும் உரிமத்துக்கும் இடையே ஓடும் மாதங்களை யார் திட்டமிடுகிறார்கள், எந்த அடிப்படையில் திட்டமிடுகிறார்கள் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. வணிகக் கட்டடங்களில் லிஃப்ட் தாமதமாவதற்கு ஆய்வாளரையும் அரசு அலுவலகத்தையும் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆதாரங்களைப் பார்த்தால், தாமதத்தின் பெரும்பகுதி ஆய்வாளர் வாசலுக்கு வருவதற்கு வெகு முன்பே கட்டுமான அட்டவணைக்குள் உருவாகிவிடுகிறது.

ஒரு வணிக வளாகத்தின் கட்டுமான அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அடித்தளம், தூண், தளம், சுவர், பூச்சு, மின்சாரம், குழாய், தரை என்று ஒவ்வொன்றும் பல வரிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். லிஃப்டுக்கு மட்டும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ‘நிறுவுதல், சோதனை, உரிமம்’ என்று ஒரே வரி இருக்கும். அதற்கு அடுத்த வரி ஹேண்டோவர். கட்டடம் வாடகைதாரருக்குக் கைமாறும் தேதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிட்டதால் அது நகராது. முன்னால் நடக்கும் வேலைகளோ நகர்ந்துகொண்டே இருக்கும்: ஒரு தளத்தின் கான்கிரீட் இரண்டு வாரம் தள்ளும், பூச்சு வேலைக்கு ஆள் கிடைக்காது, மழை பிடித்துக்கொள்ளும். அந்த நாள்களையெல்லாம் கடைசியில் ஈடுகட்டுவது லிஃப்ட் குழுவின் தலையில் விழுகிறது. எட்டு வாரம் கொடுப்பதாகச் சொன்ன இடத்தில் நான்கு வாரம் மிஞ்சும். அந்த நான்கு வாரத்திலும் கடைசி மூன்று நாளை ‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்று குறித்து வைப்பார்கள். அந்த மூன்று நாளில் ஏதாவது குறை கண்டுபிடிக்கப்பட்டால் அதைச் சரிசெய்ய நாளே கிடையாது. இப்படி இறுக்கப்பட்ட சோதனை, குறையைக் கண்டுபிடிப்பதற்கான சோதனையாக இருக்காது; கையெழுத்துக்கான சடங்காக மாறிவிடும். என் ஆட்சேபம் இதுதான்.

லிஃப்டின் தலையெழுத்து கான்கிரீட் காயும்போதே எழுதப்படுகிறது. லிஃப்ட் செல்லும் ஷாஃப்ட் அடியிலிருந்து உச்சிவரை ஒரே நேராக இருக்க வேண்டும். பத்துத் தளக் கட்டடத்தில் ஒவ்வொரு தளத்திலும் சென்ட்ரிங் ஒரு சென்டிமீட்டர் இங்கும் அங்குமாக நகர்ந்தால், மேலிருந்து தூக்குக்குண்டு கட்டி வயரை இறக்கும்போது ஷாஃப்ட் எவ்வளவு குறுகிப்போயிருக்கிறது என்று தெரியும். அப்போது செய்வதற்கு இருப்பவை இரண்டே. சுவரை உளி வைத்துச் செதுக்கலாம், அல்லது லிஃப்ட் பெட்டியின் அளவைக் குறைக்கலாம். செதுக்கினால் கம்பி வெளியே தெரியும். அளவைக் குறைத்தால் அரசுக்குக் கொடுத்த வரைபடமும் நிறுவியதும் பொருந்தாது. மேலே பெட்டி நின்ற பிறகும் இருக்க வேண்டிய உயரம், கீழே பிட் எனப்படும் பள்ளத்தின் ஆழம், கதவுச் சட்டம் உட்காரும் இடம், தரையின் கடைசி மட்டம் எல்லாமே இப்படித்தான். கிரானைட் போட்ட பிறகு தரை எந்த மட்டத்துக்கு வரும் என்று மேஸ்திரி ஷாஃப்ட் வாசல் பக்கச் சுவரில் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் லிஃப்ட்காரர்கள் வாசல்படியான சில்லைப் பொருத்துகிறார்கள். உரிமையாளர் பிறகு மனம் மாறி 18 மி.மீ. கல்லுக்குப் பதிலாக வேறு தடிமனில் கல் வாங்கினால், ஒவ்வொரு தளத்திலும் ஒரு தடுக்கல் உருவாகும். சக்கர நாற்காலியில் வருபவரின் முன்சக்கரம் அங்கே மாட்டும்.

தீயணைப்பு லிஃப்ட் இதற்கு இன்னும் தெளிவான சான்று. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயரமான கட்டடத்தில் தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து உச்சித் தளத்தை ஒரு நிமிடத்துக்குள் எட்ட வேண்டும் என்கிறது. 1975-ல் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தில் பிடித்த தீயைப் பார்த்த நகரத்துக்கு இந்த ஒரு நிமிடத்தின் அருமையை விளக்கத் தேவையில்லை. 90 மீட்டர் உயரக் கட்டடம் என்றால், கணக்குப்படி வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாத வேகம் வேண்டும். வேகம் கூடினால் பிட் ஆழமாக வேண்டும், மேலே காலியிடம் கூட வேண்டும், மோட்டாரின் திறன் மாறும், அதற்கான மின் கேபிள் மாறும். இந்த முடிவை அடித்தளம் தோண்டும் காலத்தில் எடுத்திருக்க வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு விலைப்பட்டியலைப் பார்த்து வேகத்தை ஒரு படி குறைத்த உரிமையாளருக்கு, ஆய்வின்போது அது பிடிபட்டால், குற்றம் ஆய்வாளருடையது அல்ல.

சென்னைக்கென்று தனியாக ஒரு சங்கடம் உண்டு: தண்ணீர். லிஃப்ட் பிட் கட்டடத்தின் மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று, வழக்கமான வேகத்தில் ஓடும் லிஃப்டுக்கே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பள்ளம். அடித்தளத்தில் பார்க்கிங் இருந்தால் பிட் அதற்கும் கீழே போகிறது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை போன்ற பகுதிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்பது அங்கே கட்டுபவர்களுக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடித்தளங்கள் குளமானதை நகரமே பார்த்தது. பிட்டுக்குள் கசிவு இருந்தால், பெட்டி கீழே வந்து இறங்கும் பஃபர், வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னரின் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் கப்பி, அவசர நிறுத்த சுவிட்ச் எல்லாம் துருவேறும். நீர்க்காப்புப் பூச்சு சரியா என்று பார்க்க ஒரே வழி, பிட்டில் தண்ணீர் தேக்கி வைத்தும் வெளியிலிருந்து ஊறுகிறதா என்று ஒரு மழைக்காலம் கவனித்தும் பார்ப்பதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கிறது. ஜனவரியில் பிட் கட்டி மே மாதம் லிஃப்ட் நிறுவி ஜூனில் உரிமம் வாங்கும் அட்டவணை, அந்த மழையை ஒருமுறையும் சந்திக்காமலேயே சான்று வாங்கிவிடுகிறது. லிஃப்ட் அட்டவணையை வகுப்பவர் நாள்காட்டியில் மழை மாதங்களை முதலில் குறிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது மின்சாரம். உண்மையான சிக்கல் இங்கே இருக்கிறது, அரசின் பங்கும் இங்கே இருக்கிறது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடையாது. கட்டட விதிகளின் நிலை இது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நாடு முழுமைக்கும் இதை வலியுறுத்தியது. நியாயமான விதிதான். ஆனால் நிரந்தர மின்சாரம் வராமல் லிஃப்டை முழுமையாகச் சோதிப்பது சிரமம். லிஃப்ட் ஓடாத உயரக் கட்டடத்தை நிறைவடைந்தது என்று சொல்வதும் சிரமம். நடுவில் தற்காலிக இணைப்பையோ டீசல் ஜெனரேட்டரையோ நம்பிச் சோதனை நடக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் இணைப்பில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நிரந்தர இணைப்பு வந்த அன்று மூன்று ஃபேஸ்களின் வரிசை மாறிக் கிடந்தால் பாதுகாப்பு ரிலே லிஃப்டை அசையவிடாது. அது நல்ல அறிகுறி, பாதுகாப்பு வேலை செய்கிறது என்று பொருள். அட்டவணையில் மட்டும் இன்னும் இரண்டு நாள் கரையும். கட்டுமானக் காலத்தில் லிஃப்டுக்குத் தரமான மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதை முதல் மாதத்திலேயே எழுதி வைத்த திட்டங்கள் இந்தச் சுழலில் சிக்குவதில்லை. எழுதாதவை ஒவ்வொன்றும் சிக்குகின்றன.

உரிமம் வருவதற்கு முன்பே லிஃப்டை ஓட்டும் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பெட்டி நகரத் தொடங்கியதும் டைல்ஸ், ஜிப்சம் பலகை, சிமெண்ட் மூட்டை எல்லாம் அதில் ஏறுகின்றன. கூடவே ஆள்களும் ஏறுகிறார்கள். மணல் துகள் கதவு ஓடும் பள்ளத்தில் அடைகிறது. கதவுப் பூட்டு முழுதாகப் படியாமல் போகிறது. அந்தத் தொல்லையைத் தவிர்க்க யாரோ ஒருவர் பூட்டின் மின் தொடர்பை வயர் போட்டு இணைத்துவிடுகிறார். அதன் பிறகு கதவு திறந்திருந்தாலும் பெட்டி நகரும். உரிமமின்றி லிஃப்டை ஓட்டுவது குற்றம் என்பது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆளையும் பொருளையும் ஏற்றக் கட்டுமானத்துக்கென்று தனி ஹாய்ஸ்ட் போட்டு, அதை லிஃப்ட் உரிமம் வரும்வரை கழற்றாமல் வைத்திருக்கும் செலவை அட்டவணையில் சேர்க்காதவரை இந்தக் குற்றம் தொடரும். ஹாய்ஸ்டும் திறந்த ஷாஃப்டும் ஆபத்தில்லாதவை அல்ல. 2022 செப்டம்பரில் அகமதாபாத்தில் கட்டுமானத்திலிருந்த கட்டடத்தின் லிஃப்ட் ஷாஃப்டில் விழுந்து 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் தானேயில் கட்டுமான லிஃப்ட் ஒன்று அறுந்து விழுந்து மேலும் 7 பேர் இறந்தார்கள். அதே மாதம் கிரேட்டர் நொய்டாவிலும் இதே போன்ற சாவுகள் நடந்தன. இந்த இறப்புகள் எதுவும் உரிமம் பெற்றுப் பொதுமக்கள் ஏறும் லிஃப்டில் நடந்தவை அல்ல. எல்லாம் கட்டடம் முடிவதற்கு முன், ஆய்வின் கண் இன்னும் படாத இடைக்காலத்தில் நடந்தவை. இந்த இடைக்காலத்தைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

ஆய்வு நாளில் உண்மையில் என்ன நடக்க வேண்டும்? நம் ஊர் லிஃப்டுகளில் ஒரு ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. பெட்டிக்குள் இருக்கும் தகட்டில் 13 பேர், 884 கிலோ என்று பார்த்திருப்பீர்கள். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க அதன் 125 விழுக்காடு எடையை ஏற்ற வேண்டும்: 1,105 கிலோ. 50 கிலோ சிமெண்ட் மூட்டை 22 அடுக்கினாலும் 5 கிலோ குறையும். அந்த எடையை யார் கொண்டுவருவது, எந்த வழியாக உள்ளே ஏற்றுவது, பளபளக்கும் புதுத் தரையில் அதை எங்கே இறக்கி வைப்பது என்பதை யாராவது முன்னரே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காத இடத்தில் எடை வராது, எடை வராத இடத்தில் சோதனை பெயரளவில் நடக்கும். வேகம் எல்லை மீறினால் கவர்னர் இயங்கி, சேஃப்டி கியர் கைடு ரெயிலைக் கவ்வுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டி பக்கத்துத் தளத்துக்கு வந்து கதவைத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தொலைபேசியை எடுத்துப் பேசினால் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனாலும், பாதுகாப்பு ஊழியர்கள் இன்னும் பணியமர்த்தப்படாத கட்டடத்தில் அந்த அழைப்பை எடுக்க ஆளே இருக்க மாட்டார்கள்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் பலமானது. அனுமதி, ஆய்வு, உரிமம் என்று படிகளைக் கூட்டுவது தாமதத்துக்கும் கையூட்டுக்கும் வழி செய்யும். 2024 ஜூலையில் சிறிய வீடுகளுக்குச் சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரும் திட்டத்தை அரசே கொண்டுவந்ததே, லிஃப்டுக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள். கையூட்டுப் பற்றிய குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் 2,500 சதுர அடி மனையில் வீடு கட்டுபவர் தன் தவறின் விளைவைப் பெரும்பாலும் தானே அனுபவிக்கிறார். வணிக வளாகத்தின் லிஃப்டில் ஏறுபவர்களுக்கு அதை நிறுவியவர் யார், உரிமையாளர் யார், எப்போது சோதித்தார்கள் என்பது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர் சார்பில் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆய்வின் நியாயம். கையூட்டும்கூட அவசரத்தின் முதுகில்தான் ஏறி வருகிறது. ஹேண்டோவருக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆய்வாளரின் கையெழுத்துக்கு இருக்கும் விலை, மூன்று மாதம் இருக்கும்போது இருக்காது. அட்டவணையை ஒழுங்கு செய்வது ஊழலுக்கும் ஒரு மருந்து.

பெரிய நிறுவனங்களின் லிஃப்டுகள் ஆலையிலேயே சோதிக்கப்படுகின்றன, சென்னையைச் சுற்றியே அத்தகைய ஆலைகள் இருக்கின்றன, அவர்களின் பொறியாளர்களுக்குத் தெரியாததா ஆய்வாளருக்குத் தெரியப்போகிறது என்பது இன்னொரு ஆட்சேபம். ஆலையில் சோதிக்கப்படுவது மோட்டாரும் கன்ட்ரோலரும். ஷாஃப்டின் நேர்மை, பிட்டின் வறட்சி, கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஆகியவை எந்த ஆலையிலிருந்தும் லாரியில் வருவதில்லை. தவிர, நிறுவியவரே சான்றளித்தால் அவருக்குப் பணம் தரவேண்டிய கட்டடக்காரரின் அவசரத்துக்கு ‘முடியாது’ என்று சொல்வது அவருக்குக் கடினம். நியூயார்க்கில் ஆண்டுதோறும் நடக்கும் லிஃப்ட் சோதனையை ஒரு நிறுவனம் நடத்த, அதோடு தொடர்பில்லாத இன்னொரு நிறுவனத்தவர் உடனிருந்து பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 2016 ஜூலையிலிருந்து, தகுதிபெற்ற பொறியாளர் ஒருவர் சோதித்துச் சான்று தந்த பிறகே லிஃப்டை இயக்க அனுமதி தருகிறது. அரசு ஊழியர் எல்லா லிஃப்டிலும் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை என்பதை இந்த நகரங்கள் காட்டுகின்றன. ஆனால் நிறுவியவருக்கு வெளியே ஒரு கண் வேண்டும் என்பதை அவை விட்டுக்கொடுக்கவில்லை.

சிறு கட்டடக்காரர்களின் நிலைமை வேறு. மூன்று மாடி வணிக வளாகம், ஒரே ஒரு எட்டு பேர் லிஃப்ட், மேற்பார்வைக்கு ஒரு சிவில் பொறியாளர். இவரிடம் போய் ஷாஃப்ட் அளவை, மின்சாரத் திட்டம், தனி ஹாய்ஸ்ட் என்று பேசினால் செலவைத்தான் முதலில் கேட்பார். ஹாய்ஸ்ட் பற்றி அவர் சொல்வது ஓரளவு சரி. மூன்று மாடிக்கு அது தேவையில்லை, சாரமும் தலைச்சுமையும் போதும். மற்றவை செலவே இல்லாத காரியங்கள். லிஃப்ட் நிறுவனத்தை அடித்தளத்துக்கு முன்பே தேர்வு செய்து அவர்களின் வரைபடத்தை வாங்குவதற்குக் கூடுதல் பணம் ஆகாது. ஒவ்வொரு தளம் போட்டதும் தூக்குக்குண்டு கட்டி ஷாஃப்டை அளந்து ஒரு நோட்டில் எழுதுவதற்கு அரை மணி நேரம் போதும். மூன்றாவது மாடி முடிந்த பிறகு சுவரைச் செதுக்குவதற்கு ஆகும் கூலியில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது.

அரசு செய்ய வேண்டியவையும் சில இருக்கின்றன. விண்ணப்பம் வந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் முடிவு என்று கால வரம்பு வைப்பது நல்லது, ஆனால் அது பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். நிறுவும் அனுமதிக்கும் இயக்கும் உரிமத்துக்கும் நடுவே, கைடு ரெயில் பொருத்துவதற்கு முன் வெறும் ஷாஃப்டையும் பிட்டையும் பார்க்கும் ஒரு கட்டாயக் கட்டம் வேண்டும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கும் குறையை உளியாலும் சிமெண்டாலும் தீர்க்கலாம். கடைசியில் கண்டுபிடித்தால் லிஃப்டையே கழற்ற வேண்டும். இந்த ஆய்வை அங்கீகரிக்கப்பட்ட வெளிப் பொறியாளர்களிடம் ஒப்படைத்தால் மின் ஆய்வுத் துறையின் சுமையும் ஏறாது. நிறைவுச் சான்று வரும்வரை லிஃப்டுக்கு மட்டும் தரமான தற்காலிக மும்முனை இணைப்பு தர ஒரு வழி வகுத்தால், சான்றுக்கு மின்சாரம், மின்சாரத்துக்குச் சான்று என்ற சுழலும் அவிழும். இன்னொன்று முக்கியம்: திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் எந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டன என்பதை, பெயர்களை நீக்கிவிட்டு, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குறை எங்கே பிறக்கிறது என்று அனைவரும் பார்த்தால் அடுத்த கட்டடக்காரர் அதைத் தவிர்ப்பார்.

லிஃப்ட் தாமதத்தை இழப்பீட்டுக் கணக்காக மட்டும் பார்ப்பது போதாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றே தரக்கூடாது என்கிறது. லிஃப்டை ஓடவிடாமல் ஒரு மருத்துவ ஆய்வகத்தையோ பயிற்சி மையத்தையோ மூன்றாவது மாடியில் திறந்துவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் அந்தக் கட்டடம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை என்றுதான் பொருள். உரிமையாளர்கள் இந்த வாதத்தைக் கேட்காவிட்டாலும் வாடகைதாரர்களின் வாதத்தைக் கேட்பார்கள். ஆகவே வணிகக் கட்டடத்தில் இடம் பிடிக்கப் போகும் எவருக்கும் ஒரு வேண்டுகோள்: வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் லிஃப்டின் இயக்க உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், பிட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஷாஃப்ட் அளவை நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் வராத நிலையில் சாவி வாங்காதீர்கள்.